எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க் சாகக் கெடக்குது, உள்ள இருக்கறத எப்படி வெளிய எடுக்கறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் தாராவி 90 ஃபீட் ரோடு பக்கம் கல்யாண வீடியோ எடிட் பண்றவன். ஹார்ட் டிஸ்க்கோடயே குடும்பம் நடத்துறதால மாட்டுங்கா, சயான், செம்பூர், முலுண்ட்னு எங்க யார் டிஸ்க் மக்கர் பண்ணுனாலும் கைக்குட்டையில சுத்தி எடுத்துட்டு என்கிட்ட வந்து நிக்கறாங்க. ரெக்கவரி என் தொழில் இல்ல, ஆனா கேள்வி மட்டும் அதேதான் திரும்பத் திரும்ப வருது, வாயால சொல்லிச் சொல்லி அலுத்துப் போச்சு, அதனால அவங்க கேட்ட வாக்குலயே கேள்வியை எழுதி பதிலையும் ஒரே இடத்துல போட்டுட்டேன்.

அண்ணே, சில நேரம் கம்ப்யூட்டர்ல வருது, சில நேரம் வரல. டிஸ்க் போச்சா?

மொதல்ல கேபிளை மாத்துங்க. சின்ன டிஸ்க்குல வர்ற அந்தத் தட்டையான அகலமான பின் இருக்கே, அது ரெண்டு வருஷம் பைக்குள்ள போய் வந்தாலே லூசாயிடும். அப்புறம் ஹப்ல சொருகாதீங்க, நேரா கம்ப்யூட்டர்ல சொருகுங்க, டெஸ்க்டாப்னா பின்னாடி இருக்கற போர்ட்ல. உள்ளங்கை சைஸ் டிஸ்க்குக்குத் தனியா கரண்ட் கிடையாது, யூஎஸ்பி குடுக்கறத வச்சுத்தான் மோட்டாரே சுத்தணும், பழைய யூஎஸ்பி 2 போர்ட் கணக்குப்படி குடுக்கறது 500 மில்லி ஆம்ப், யூஎஸ்பி 3ன்னா 900. கிளம்புற நேரத்துல டிஸ்க் கொஞ்சம் அதிகமா இழுக்கும், அப்பப் பத்தலன்னா வந்து வந்து போகும்.

என்கிட்ட வர்றதுல நெறைய கேஸ் இந்தக் கேபிள்லயே முடிஞ்சு, ஒரு கட்டிங் சாயோட, அதான் அரை கிளாஸ் டீயோட, அனுப்பி வச்சுடுவேன். ஆனா ரெண்டு கேபிள், ரெண்டு போர்ட், அதோட நிறுத்துங்க. இருபது தடவை சொருகிச் சொருகிப் பாக்காதீங்க, நெஜமாவே டிஸ்க் சாகற நிலைமைல இருந்தா ஒவ்வொரு தடவை ஸ்டார்ட் ஆகறதும் அதோட கடைசி மூச்சுல கொஞ்சம் எடுத்துக்கும்.

டிக்… டிக்…னு சத்தம் வருது. அது என்ன?

உள்ள கண்ணாடியோ அலுமினியமோ ஒரு தட்டு நிமிஷத்துக்கு 5400 தடவை சுத்துது, அதுக்கு மேல ஹெட்னு ஒண்ணு சில நானோமீட்டர் இடைவெளில மிதந்துக்கிட்டே படிக்குது. நம்ம தலைமுடி பருமன் எழுபதாயிரம், எண்பதாயிரம் நானோமீட்டர்னு வச்சுக்கோங்க, அப்ப அந்த இடைவெளி எவ்வளவுன்னு பாத்துக்கோங்க. ஹெட் அடிபட்டா தட்டுல எங்க இருக்கோம்னே அதுக்குத் தெரியாது, தேடும், கெடைக்காது, பழைய எடத்துக்கு வரும், மறுபடி தேடும். அந்தப் போக்குவரத்துச் சத்தம்தான் டிக் டிக்.

டிக் டிக் இல்லாம மெல்லிசா பீப் பீப்னு வந்தா மோட்டார் சுத்த முயற்சி பண்ணி முடியாம நிக்குதுன்னு அர்த்தம், பெரும்பாலும் ஹெட் தட்டு மேலயே ஒட்டிக்கிட்டிருக்கும், சில நேரம் வெறும் கரண்ட் பத்தாததாவும் இருக்கும், அதுக்கு மேல சொன்ன கேபிள் வைத்தியத்தை ஒரு தடவை பாருங்க. மத்தபடி இந்த ரெண்டு சத்தத்துக்கும் சாஃப்ட்வேர்ல மருந்து கிடையாது. கழட்டி வச்சுடுங்க. ஹெட் உடைஞ்சு தட்டுல உரசுனா தட்டுல இருக்கற பூச்சே பொடியா வந்துடும், அந்தப் பொடியிலதான் உங்க போட்டோ இருந்துச்சு, அதுக்கப்புறம் எந்த ஊர் நிபுணனும் ஒண்ணும் பண்ண முடியாது.

சொருகுன உடனே ஃபார்மட் பண்ணணும்னு கேக்குது. ஓகே குடுத்தா சரியாயிடுமா?

குடுத்துடாதீங்க. கேன்சல். எந்த ஃபைல் எங்க இருக்குன்னு டிஸ்க் குறிச்சு வச்சிருக்கற அட்டவணையை விண்டோஸால படிக்க முடியல, அதனால காலி டிஸ்க்குன்னு நெனச்சுக்கிட்டுக் கேக்குது, ஃபைல் எல்லாம் பெரும்பாலும் உள்ளேயேதான் இருக்கும். ஒரு தடவை யோசிச்சுப் பாருங்க, டிஸ்க் மேக்ல ஃபார்மட் ஆனதா? இல்ல டிவில சீரியல் ரெக்கார்ட் பண்ண மாட்டி வச்சிருந்தீங்களா? அப்படின்னா டிஸ்க்குல கோளாறே இருக்காது, விண்டோஸுக்கு அந்த பாஷை தெரியாது, அவ்வளவுதான்.

தெரியாம ஓகே குடுத்தாச்சுன்னாலும் உடனே அழ வேண்டாம். குயிக் ஃபார்மட்னா அட்டவணை மட்டும்தான் புதுசாகும், மத்தது அங்கயேதான் இருக்கும், அதுக்கு மேல எதையும் எழுதாம எடுத்து வைங்க. குயிக் டிக்கை எடுத்துட்டு முழு ஃபார்மட் ஓட விட்டிருந்தா கதை வேற, விண்டோஸ் விஸ்டாவுக்கு அப்புறம் அது டிஸ்க் முழுக்க பூஜ்யம் எழுதிடும்.

செக் டிஸ்க் ஓட்டுனா சரி பண்ணிடும்னு யூட்யூப்ல காட்டுறாங்களே?

எனக்கு ரொம்பக் கோவம் வர்ற கேள்வி இதுதான். செக் டிஸ்க்ங்கறது விண்டோஸோடயே வர்ற கமாண்ட், அதோட வேலை அட்டவணையை ஒழுங்கு பண்றது, உங்க ஃபைலைக் காப்பாத்தறது இல்ல. கணக்கு ஒத்து வரலன்னா அந்த ஃபைலையே வெட்டிட்டு 'கணக்கு சரியாயிடுச்சு'ன்னு சொல்லும். அதுலயும் பேட் செக்டர், அதாவது கெட்டுப்போன எடம், தேடுற ஆப்ஷனோட ஓட்டுனீங்கன்னா டிஸ்க்கோட மூலை முடுக்கெல்லாம் படிக்கும், சாகக் கெடக்கற ஆளை மாரத்தான் ஓடச் சொல்ற மாதிரி. நல்ல டிஸ்க்குல சும்மா ஒயரை உருவுனதால வந்த குழப்பத்துக்கு அது சரி. டேட்டாவை வேற எடத்துல காப்பி எடுத்ததுக்கு அப்புறம் எத வேணா ஓட்டுங்க.

ஃப்ரீசர்ல ஒரு ராத்திரி வச்சா உயிர் வந்துடும்னு என் மச்சினர் சொல்றார், வெக்கட்டுமா?

வேண்டாம் மாமி. ரொம்பப் பழைய டிஸ்க்குல எப்பவோ யாருக்கோ பலிச்சிருக்கும். நம்ம பம்பாய் புழுக்கத்துல ஃப்ரீசர்ல இருந்து எடுத்த எவர்சில்வர் டம்ளர் எப்படி வேர்க்குது பாத்திருப்பேளே, அதேதான் டிஸ்க்குக்கும், டிஸ்க்குக்கு மூச்சு விடற ஓட்டை வேற இருக்கு. தட்டி, ஆட்டி, சூடு பண்ணிப் பாக்கறதும் இதே கணக்குதான்.

டிஸ்க் நல்லா இருக்கா இல்லையான்னு பாக்க சாஃப்ட்வேர் எதுவும் உண்டா?

விண்டோஸ்ல கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ, இலவசம். தெறந்த உடனே நீலம், மஞ்சள், சிவப்புன்னு காட்டும், ஆனா கலரை மட்டும் நம்பாதீங்க. கீழ லிஸ்ட்ல 05, சி5, சி6ன்னு மூணு வரி இருக்கும். 05ங்கறது கெட்டுப்போன எடத்துக்குப் பதிலா டிஸ்க் தானே மாத்திக்கிட்ட எடங்களோட எண்ணிக்கை, சி5ங்கறது படிக்க முடியாம 'அப்புறம் பாக்கலாம்'னு ஒதுக்கி வச்சது, சி6 ஒரேயடியா படிக்க முடியாதது. சி5 ஏறிக்கிட்டே போகுதுன்னா இன்னைக்கே காப்பி எடுங்க. சி7 மட்டும் ஏறி மத்தது பூஜ்யமா இருந்தா டிஸ்க் மேல பழி போடாதீங்க, வயர்ல சந்தேகப்படுங்க.

ஒரு விஷயம், அந்த லிஸ்ட்டோட கடைசிக் கட்டத்துல நம்பரை ஹெக்ஸ்ல, அதாவது பதினாறை வச்சு எண்ற முறைல காட்டும், 10ன்னு இருந்தா அது பத்து இல்ல, பதினாறு. செட்டிங்ல சாதா எண்ணுக்கு மாத்திக்கலாம். சில யூஎஸ்பி டப்பா இந்த விவரத்தையே வெளிய விடாது, அப்ப லிஸ்ட் காலியா இருக்கும், பயப்படாதீங்க.

சத்தம் இல்ல, ஃபோல்டரும் தெரியுது, ஆனா ரொம்ப ஸ்லோ. எத மொதல்ல எடுக்கறது?

எதை இழந்தா திரும்பக் கெடைக்காதோ அத. சினிமாவை விடுங்க, அது எங்கயும் கெடைக்கும். குழந்தை போட்டோ, வீட்டுப் பத்திரம் ஸ்கேன், ஆபீஸ் கணக்கு, அப்பா குரல் இருக்கற ரெக்கார்டிங். பேப்பர்ல எழுதி வச்சுக்கிட்டு அப்புறம் டிஸ்க்கை சொருகுங்க, சொருகிட்டு யோசிக்காதீங்க. செம்பூர் அக்கா ஒருத்தங்க 'எது இருக்கு எது இல்லன்னு பாக்கறேன்'னு ஒவ்வொரு ஆல்பமா தெறந்து ஒரு மணி நேரம் போட்டோ பாத்துருக்காங்க, பெரிய ஐகான் வியூல வேற, அதுல ஒவ்வொரு குட்டிப் படத்துக்கும் டிஸ்க் ஓடி ஓடிப் படிக்கணும். மகளோட அரங்கேற்றம் ஃபோல்டர் தெறக்கும்போது நின்னுடுச்சு.

மவுஸ்ல இழுத்துப் போட்டா ஒரு கெட்ட ஃபைல்ல மொத்தமும் தொங்கும். விண்டோஸ்ல ரோபோகாப்பின்னு கமாண்ட் உண்டு, ஆனா அது சொந்தமா விட்டா ஒரே ஃபைலைப் பத்து லட்சம் தடவை முயற்சி பண்ணும், ஒவ்வொண்ணுக்கும் நடுவுல 30 செகண்ட் காத்திருக்கும், விளையாட்டுக்குச் சொல்லல, அதோட டீஃபால்ட்டே அதுதான். அதனால ரீட்ரை ஒண்ணு, வெயிட் ஒண்ணுன்னு சொல்லிட்டு ஓட்டுங்க. சி5 பத்து இருபதுக்கு மேல போயிருந்தா இந்த வழியே வேண்டாம், இமேஜ்தான் எடுக்கணும், அடுத்த கேள்விக்குப் போங்க.

இமேஜ் எடுக்கணும்ங்கறீங்களே, அது என்ன, போட்டோவா?

டிஸ்க்கை ஃபைல் ஃபைலா பாக்காம மொத எடத்துல இருந்து கடைசி எடம் வரைக்கும் அப்படியே இன்னொரு டிஸ்க்குல ஜெராக்ஸ் போடறது. இதுக்கு விண்டோஸுக்குப் பதிலா ஓட்டற லினக்ஸ்ல ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூன்னு ஒரு ப்ரோக்ராம், இலவசம், லினக்ஸ்ல ஒரு வகையான உபுண்டுல ஜிடிடிரெஸ்க்யூங்கற பேர்ல கெடைக்கும். உபுண்டுவை ஒரு பென் டிரைவ்ல போட்டு அதுல இருந்தே கம்ப்யூட்டரை ஆன் பண்ணலாம், இன்ஸ்டால் பண்ணத் தேவையில்ல. இதோட சாமர்த்தியம் என்னன்னா நல்ல எடத்தையெல்லாம் மொதல்ல வேகமா அள்ளிக்கும், கஷ்டமான எடம் வந்தா தாண்டிப் போயிடும், எங்க தாண்டுனோம்னு மேப் ஃபைல்ல குறிச்சு வச்சுக்கும், எல்லாம் முடிஞ்சப்புறம்தான் திரும்பி வந்து அந்த எடங்களைச் சுரண்டும். நடுவுல கரண்ட் போனாலும், நீங்களே நிறுத்துனாலும், அதே மேப் ஃபைலோட மறுபடி ஓட்டுனா விட்ட எடத்துல இருந்து ஆரம்பிக்கும். அந்த மேப் ஃபைல் பேர் குடுக்காம ஓட்டுறது சுத்த முட்டாள்தனம், நானே பண்ணிருக்கேன், பதினாலு மணி நேரம் போச்சு.

கவனிக்க வேண்டியது மூணு. கமாண்ட்ல கெட்ட டிஸ்க் பேர் முன்னாடி, நல்ல டிஸ்க் பேர் பின்னாடி, மாத்திப் போட்டா காலி டிஸ்க்கோட பூஜ்யத்தை உங்க கல்யாணம் மேல எழுதிடும், அதனால என்டர் தட்டறதுக்கு முன்னாடி டிஸ்க் சைஸையும் சீரியல் நம்பரையும் வாய் விட்டுப் படிச்சுப் பாருங்க. ரெண்டாவது, புது டிஸ்க் பழசை விடக் கொஞ்சமாவது பெருசா இருக்கணும், 1 டிபிக்கு 1 டிபி வாங்கிட்டு வந்து ஃபைலா சேவ் பண்ண எடம் பத்தலன்னு நிப்பாங்க. மூணாவது, அந்தப் புது டிஸ்க் எஃப்ஏடி 32ல இருந்தா 4 ஜிபிக்கு மேல ஒரு ஃபைல் போகாது, என்டிஎஃப்எஸ்ஸோ எக்ஸ்ஃபேட்டோ வச்சுக்கோங்க.

இமேஜ் வந்தாச்சுன்னா பழைய டிஸ்க்கைப் பொட்டலம் கட்டிப் பீரோவுல வைங்க. இனிமே எல்லா விளையாட்டும் காப்பி மேலதான். டெஸ்ட் டிஸ்க், டிஎம்டிஇ மாதிரி ப்ரோக்ராம்ல இமேஜைத் தெறந்தா ஃபோல்டரோட வரும். அட்டவணை சுத்தமா அழிஞ்சிருந்தா ஃபோட்டோரெக்னு ஒண்ணு இருக்கு, அது ஃபைலோட அமைப்பைப் பாத்தே தோண்டி எடுக்கும், ஆனா பேரும் போயிடும் ஃபோல்டரும் போயிடும், நாப்பதாயிரம் போட்டோ நம்பரோட மலை மாதிரி வந்து விழும், அதைப் பிரிக்கறது மழைக்கால லீவுக்கான வேலை.

எத்தனை நாள் ஆகும்? ராத்திரி பூரா ஓட விட்டுட்டுத் தூங்கலாமா?

நல்ல டிஸ்க் செகண்டுக்கு 100 எம்பி குடுத்தா 1 டிபி மூணு மணி நேரத்துக்குள்ள முடியும். நோயாளி டிஸ்க் செகண்டுக்கு 1 எம்பிதான் குடுத்துச்சுன்னா அதே 1 டிபிக்குப் பதினொன்றரை நாள். நெஜத்துல நடுவுல எங்கயாவது இருக்கும், மொத தொண்ணூறு சதவீதம் ஒரு ராத்திரில வந்து கடைசி ரெண்டு சதவீதம் நாலு நாள் எடுக்கும்.

லேப்டாப்போட ஸ்லீப்பை ஆஃப் பண்ணுங்க, டிஸ்க்கை மெத்தை மேல வைக்காதீங்க, டேபிள் ஃபேனைத் திருப்பி விடுங்க. மொத ஒரு மணி நேரம் பக்கத்துல இருங்க. சத்தம் மாறுனாலோ வேகம் திடீர்னு பூஜ்யத்துக்கு வந்து நின்னாலோ நிறுத்தி யோசிங்க, தூங்கி எழுந்து பாத்தா ராத்திரி பூரா டிக் டிக்குனு அடிச்சுக்கிட்டே கெடந்திருக்கும்.

ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டா மாறிடுச்சு, இதுவும் டிஸ்க் ஃபெயிலியரா?

இல்ல, வைரஸ். ஜெராக்ஸ் கடை, காலேஜ் லேப்னு எங்கயோ சொருகிருப்பீங்க. ஃபைல் உள்ளதான் ஒளிஞ்சிருக்கு. ஷார்ட்கட்டைக் கிளிக் பண்ணாதீங்க, ஆன்டி வைரஸ் ஓட்டிட்டு அட்ரிப் கமாண்ட்ல, ஃபைலை ஒளிச்சு வைக்கற ஹிட்டன், சிஸ்டம்ங்கற ரெண்டு குறியையும் எடுத்து விடுங்க.

கேஸைப் பிரிச்சு உள்ள இருக்கற டிஸ்க்கை டைரக்டா கம்ப்யூட்டர்ல மாட்டலாமா?

டிஸ்க்கைப் பொறுத்தது. சிலதுல கம்ப்யூட்டருக்குள்ள நேரா மாட்டற சாட்டா பின் வச்ச சாதா டிஸ்க்கும் அதுக்கு முன்னாடி குட்டியா ஒரு யூஎஸ்பி போர்டும் இருக்கும், அந்தப் போர்டுதான் போயிருந்தா கழட்டி மாட்டுனதும் ஜம்முனு வந்துடும், அந்த சந்தோஷமே தனி. ஆனா டபிள்யூடி மை பாஸ்போர்ட் மாதிரி டிஸ்க்குகள்ல யூஎஸ்பி சாக்கெட்டே டிஸ்க்கோட போர்டுல பத்த வச்சிருக்கும், பிரிச்சாலும் சாட்டா கெடையாது. அதுல பல மாடல்ல நீங்க பாஸ்வேர்டே போடலன்னாலும் உள்ள எழுதறது எல்லாம் என்க்ரிப்ட் ஆகித்தான், அதாவது பூட்டுப் போட்டுத்தான், எழுதப்படும்.

வெளி பிளாஸ்டிக்கைப் பிரிக்கறது வேற, டிஸ்க்கோட மேல் மூடியை ஸ்க்ரூ கழட்டித் தெறக்கறது வேற. ரெண்டாவதைப் பண்ணவே பண்ணாதீங்க. ரெண்டாவது கேள்வில சொன்ன இடைவெளியை நெனச்சுப் பாருங்க, நம்ம ரூம் தூசி ஒண்ணு அதுக்கு மலை.

ஆன்லைன்ல அதே மாடல் டிஸ்க்கோட சர்க்யூட் போர்டு கெடைக்குது, வாங்கி மாத்துனா?

இருபது வருஷம் முன்னாடி டிஸ்க்குக்கு நடந்துச்சு. இப்ப ஒவ்வொரு டிஸ்க்குக்கும் அதோட ஹெட்டுக்குன்னே அளந்த அளவுகள் போர்டுல ஒரு குட்டி ரோம் சிப்ல இருக்கும், அந்தச் சிப்பையும் எடுத்துப் புதுசுல பத்த வச்சாத்தான் வேலை செய்யும். சோல்டரிங் கை இருக்கறவங்க பண்ணலாம். அதுவும் போர்டுதான் போச்சுன்னு தெரிஞ்சா மட்டும், டிக் டிக்குனு அடிக்கற டிஸ்க்குக்குப் போர்டு மாத்தி என்ன ஆகப்போகுது.

வீட்டுக்குள்ள மழைத் தண்ணி வந்து டிஸ்க் முங்கிடுச்சு. அரிசி டப்பாவுல போடட்டுமா?

அரிசியைச் சோறாக்குங்க. 2005 ஜூலை 26 அன்னைக்கு சாந்தாகுரூஸ்ல ஒரே நாள்ல 944 மில்லிமீட்டர் கொட்டுச்சே, அந்த வாரம் ஹேர் டிரையர் போட்டுக் காய வச்ச கூட்டத்துல நானும் ஒருத்தன். காய்ஞ்சா தண்ணி போயிடும், அதுல இருந்த சேறும் உப்பும் தட்டு மேல படிஞ்சு ஒட்டிக்கும். கரண்ட் குடுக்காதீங்க, தொடைச்சுட்டு ஈரம் போகாம ஜிப் கவர்ல மூடி சீக்கிரமா ரெக்கவரி ஆளுங்ககிட்ட குடுங்க.

லேமிங்டன் ரோட்டுல குடுக்கலாமா? எவ்வளவு கேப்பாங்க?

கிராண்ட் ரோடு ஸ்டேஷன்ல எறங்குனா கடைக்குப் பஞ்சமில்ல, அதான் பிரச்சினையே. பாதிப் பேர் நீங்க வீட்டுல ஓட்டக்கூடிய அதே சாஃப்ட்வேரைத்தான் ஓட்டுவாங்க. கேக்க வேண்டியது: இங்கயே பண்றீங்களா, வேற எங்கயாவது அனுப்பறீங்களா? ஹெட் மாத்தணும்னா சுத்தமான காத்து வர்ற அறை இருக்கா? டேட்டா வரலன்னா காசு உண்டா? எனக்குத் தெரியாம டிஸ்க்கைத் தெறக்க மாட்டீங்கன்னு எழுதித் தருவீங்களா? எங்க சொந்தக்காரர் ஒருத்தர் டிஸ்க்கை ஒரு கடைக்காரர் கவுன்டர்லயே மூடியைக் கழட்டி, ஊதி, மறுபடி மூடிக் குடுத்தார், ஆமா, வாயால ஊதி. குடுக்கறதுக்கு முன்னாடி சீரியல் நம்பர் தெரியற மாதிரி போட்டோ எடுத்துக்கோங்க.

காசு கோளாறைப் பொறுத்தது. சாஃப்ட்வேர் வேலைன்னா சில ஆயிரம். ஹெட் மாத்தறதுன்னா அதே மாடல் டிஸ்க் இன்னொண்ணு வாங்கி அதுல இருந்து ஹெட்டை எடுக்கணும், அஞ்சு இலக்கத்துக்குக் கொறையாதுன்னு மனசைத் தயார் பண்ணிக்கோங்க. டிஸ்க்கைக் கொண்டு போறது நெரிசல் இல்லாத நேரத்துல, விரார் ஃபாஸ்ட்ல பை நசுங்கிச் செத்த டிஸ்க்கும் பாத்திருக்கேன்.

வாரண்டி இருக்கே, கம்பெனி எடுத்துத் தராதா?

வாரண்டி டிஸ்க்குக்குத்தான், டேட்டாவுக்கு இல்ல. புது டிஸ்க் தருவாங்க, பழசு திரும்ப வராது. ஆனா டப்பாவைத் தேடிப் பாருங்க, சீகேட் சில மாடல்கள்ல டேட்டா ரெக்கவரி சர்வீஸும் சேர்த்தே குடுத்திருப்பாங்க, வருஷக் கணக்கு டப்பா மேலயே இருக்கும், பாதிப் பேருக்கு அது தெரியவே தெரியாது.

ஆபீஸ்ல பிட்லாக்கர் போட்டுக் குடுத்தாங்க. இமேஜ் எடுத்தா பாஸ்வேர்டு இல்லாமத் தெறக்குமா?

தெறக்காது, பிட்லாக்கர்ங்கறது டிஸ்க்கையே பூட்டற விண்டோஸ் வசதி, இமேஜும் பூட்டோடதான் வரும். ஆனா சரியான சாவி இருந்தா இமேஜையே தெறக்கலாம், அதனால இமேஜ் எடுக்கறதுல தப்பில்ல. 48 இலக்க ரெக்கவரி கீயைத் தேடுங்க, சொந்தக் கம்ப்யூட்டர்னா மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல சேவ் ஆகியிருக்க வாய்ப்பு உண்டு, ஆபீஸ்துன்னா ஐடி டிபார்ட்மென்ட்கிட்ட கேளுங்க. சாவி இல்லன்னா எத்தனை லட்சம் குடுத்தாலும் கதவு தெறக்காது.

எஸ்எஸ்டி வாங்கிட்டேன், அதுல இந்தத் தொல்லை இல்லல்ல?

எஸ்எஸ்டில சுத்தற தட்டே இல்ல, கீழ விழுந்தா தப்பிக்கும், அது உண்மை. ஆனா டிக் டிக்குனு முன்கூட்டிச் சொல்லாது, நேத்து இருக்கும், இன்னைக்குக் கம்ப்யூட்டருக்கே தெரியாது. இன்னொண்ணு, எஸ்எஸ்டில டிலீட் பண்ணா டிரிம்னு ஒரு வேலை பின்னாலயே நடந்து அந்த எடத்தைக் காலி பண்ணிடும், அதுக்கப்புறம் ரெக்கவரி சாஃப்ட்வேர் பாத்தா வெறும் பூஜ்யம். இப்ப வர்ற சில சின்ன ஹார்ட் டிஸ்க்குகள்லயும், தடங்களை ஒண்ணு மேல ஒண்ணு லேசா ஏத்தி எழுதற எஸ்எம்ஆர்ங்கற முறைல வர்றதுல, இதே டிரிம் உண்டு. அதனால தெரியாம டிலீட் பண்ணுனா அந்த செகண்டே உருவிடுங்க.

இமேஜ் 99.9 சதவீதம் வந்துடுச்சு, ஆனா முக்கியமான வீடியோ மட்டும் ஓடல. ஏன்?

1 டிபில 0.1 சதவீதம்னா 1 ஜிபி, அது எங்க விழுந்ததுங்கறதுதான் விதி. டிடிரெஸ்க்யூல ஃபில்னு ஒரு மோட் உண்டு, இமேஜுக்கு ஒரு நகல் எடுத்துக்கிட்டு, படிக்க முடியாத எடத்துல எல்லாம் நீங்க சொல்ற ஒரு வார்த்தையை அதுல எழுதச் சொல்லலாம், அப்புறம் அந்த வார்த்தை எந்தெந்த ஃபைல்ல வருதுன்னு தேடுனா அடிபட்டது எதுன்னு லிஸ்ட்டே கெடைச்சுடும். ஜேபெக்ல ஓட்டை விழுந்தா படத்துல பாதி சாம்பல் கலராகும். எம்பி4ல நடுவுல விழுந்தா ஒரு செகண்ட் கட்டம் கட்டமா தெரிஞ்சுட்டுப் போயிடும். ஆனா எந்த ஃப்ரேம் எங்க இருக்குன்னு சொல்ற அட்டவணை ஒண்ணு எம்பி4ல உண்டு, கேமரா அத பெரும்பாலும் ஃபைலோட கடைசில எழுதும், ஓட்டை அங்க விழுந்துச்சுன்னா மொத்த வீடியோவும் இருந்தும் ஓடாது.

அதுக்கு அன்ட்ரங்க்னு ஒரு இலவச ப்ரோக்ராம் இருக்கு. அதே கேமரால அதே செட்டிங்ல எடுத்த நல்ல கிளிப் ஒண்ணைக் குடுத்தா, அதப் பாத்துக் கெட்டதுக்குப் புதுசா அட்டவணை எழுதும். போன தை மாசம் ஒரு தாலி கட்டுற கிளிப் இப்படித்தான் மாட்டுச்சு, கேமராமேனுக்கு போன் போட்டு 'தம்பி, அன்னைக்கு வச்ச அதே ரெசொல்யூஷன், அதே ஃப்ரேம் ரேட், ஒரு நிமிஷம் சுவத்தையாவது எடுத்து அனுப்பு'ன்னேன், அவனும் அவங்க வீட்டு வாசல்ல காயப்போட்ட துணியை எடுத்து அனுப்புனான். அத வச்சு ஓட்டுனதுல கெட்டி மேளம் வந்துடுச்சு, அட்சதை போடறது பாதியோட நின்னுடுச்சு, மீதியை ரெண்டாவது கேமரால இருந்து ஒட்டிக் குடுத்தேன்.